கள்ளக்கடல் போல வரும் ஃபார்வர்டு: தேர்தல் நேரத்துப் போலிகளைச் சோதிக்க ஒரு முழு வழிகாட்டி

கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் கள்ளக்கடலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும். தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் ஏறிவந்து கரையில் கிடக்கும் வள்ளத்தையும் வலையையும் வாரிக்கொண்டு போகும். அந்த அலை கிளம்பிய இடம் இங்கே கிடையாது. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எங்கோ அடித்த புயலில் கிளம்பியது. தேர்தல் சமயத்தில் போனுக்கு வரும் சில ஆடியோவும் வீடியோவும் இதே ரகம்தான்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் போதும், வாட்ஸ்அப்பில் வந்ததைப் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் எழுதுவது இது.

முதலிலேயே ஒன்று: ‘இது ஏஐயா, நிஜமா?’ என்ற கேள்வியில் தொடங்காதீர்கள். கையில் ஆறு விரல் இருக்கிறதா, கண் இமைக்கிறதா என்று பார்த்துக் கண்டுபிடித்த காலம் மலையேறிவிட்டது. அதோடு, வருகிற போலிகளில் பெரும்பாலானவை ஏஐயே கிடையாது. 2024-ல் உலகம் முழுக்கத் தேர்தல் நடந்து முடிந்தபோது, ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் நடத்தும் மெட்டா நிறுவனம் ஒரு கணக்குச் சொன்னது: தேர்தல், அரசியல், சமூக விஷயங்களில் ஏஐயால் செய்தவை, அதன் தளங்களில் சரிபார்க்கப்பட்ட மொத்தப் பொய்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு. தன்னைப் பற்றித் தானே சொல்லும் கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனாலும் என் கடை மேஜைக்கு வருவதும் அப்படித்தான்: பழைய படம், புதுத் தலைப்பு. எங்கிருந்து வந்தது, ஏன் இப்போது வந்தது, இந்த இரண்டைத் தேடினால் ஏஐ போலியும் மாட்டும், ஏஐ இல்லாத போலியும் மாட்டும்.

1. முதலில் அம்புக்குறி, அப்புறம் தேதி

செய்தியின் தலைமாட்டில் ஒற்றை அம்புக்குறி இருந்தால் யாரோ ஃபார்வர்டு செய்தது. இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி உங்களிடம் வந்திருக்கிறது. இரட்டை அம்பு விழுந்ததை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020-லேயே வாட்ஸ்அப் பூட்டுப் போட்டுவிட்டது. அனுப்பியவர் உங்கள் மாமா என்பதால் அது மாமா சொன்ன செய்தி ஆகாது.

அடுத்தது தேதி. நம் நாட்டில் வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் ஓய வேண்டும். 2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தல். 17-ம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு மைக் எல்லாம் அடங்கியது. விளவங்கோட்டில் அன்றைக்கே சட்டமன்ற இடைத்தேர்தலும் சேர்ந்து வந்ததால் அங்கே மட்டும் இரட்டைச் சத்தம் அடங்கியது. ஊர் அமைதியாகும் அந்த இரண்டு நாளில்தான் போன் சத்தம் போட ஆரம்பிக்கும். போலி செய்கிறவர்களுக்கு அது நல்ல நேரம். பதில் சொல்ல மேடை கிடையாது.

ஸ்லோவாகியாவில் நடந்ததை இதற்காகவே தெரிந்துகொள்ள வேண்டும். 2023 செப்டம்பர் 30 அங்கே நாடாளுமன்றத் தேர்தல். நம்மைப் போலவே அங்கும் 48 மணி நேர அமைதிக் காலம் உண்டு. அதை ஒட்டி ஒரு ஆடியோ கிளம்பியது. முற்போக்கு ஸ்லோவாகியா கட்சித் தலைவர் மிகால் ஷிமெச்காவும் ஒரு பெண் பத்திரிகையாளரும் தேர்தலில் எப்படித் தில்லுமுல்லு செய்வது என்று பேசிக்கொள்வது போல இருந்தது. இருவரும் உடனே மறுத்தார்கள். சரிபார்ப்பாளர்களும் அது செயற்கையாகச் செய்யப்பட்டதற்கான அடையாளங்கள் இருக்கின்றன என்றார்கள். ஆனால் பத்திரிகைகளும் டிவியும் அமைதிக் காலக் கட்டுப்பாட்டில் இருந்தன. ஆடியோவுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அந்தக் கட்சி இரண்டாவது இடம் பிடித்தது. அந்த ஆடியோதான் தோற்கடித்தது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. நமக்கு வேண்டியது அது வந்த நேரம்தான். கடைசி இரண்டு நாளில் முதன்முதலாக வெளிவரும் ‘ரகசியம்’ எதுவாக இருந்தாலும் என் கணக்கில் அது பொய் என்றே ஆரம்பிக்கும். நிஜம் என்றால் அதுவே நிரூபித்துக்கொள்ளட்டும்.

2. சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா?

தொழில்நுட்பமே தேவைப்படாத சோதனை இது. பாதிப் போலிகள் இங்கேயே விழுந்துவிடும்.

போன தேர்தலுக்கு முந்தின வாரம் பணி ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் கடைக்கு வந்தார். போனை நீட்டி, “இத அம்பது காப்பி போடு தம்பி, பூத்துல குடுக்கணும்” என்றார். பார்த்தால் நம் பழைய நண்பர். ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் வருகிற செய்தி: பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவின்கீழ் ‘சேலஞ்ச் ஓட்டு’ கேளுங்கள், உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டிருந்தால் ‘டெண்டர் ஓட்டு’ கேளுங்கள், ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு.

“அண்ணாச்சி, 49ஏ என்னன்னு பாத்தியளா?”

“சட்டம்தானே போட்டிருக்கு.”

தேர்தல் நடத்தை விதிகள் 1961-ஐத் திறந்து காட்டினேன். 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்ற விதி. ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சேலஞ்ச் என்பது பூத் ஏஜென்ட் ஒருவர், ‘வந்திருப்பது அந்த ஆள் இல்லை’ என்று இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்வது. பெயர் இல்லாதவருக்கு ஓட்டு வாங்கித் தருவது அல்ல. பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆதார் இருந்தாலும் ஓட்டு கிடையாது. டெண்டர் ஓட்டு மட்டும் நிஜம்: 49பி (ஆங்கில எழுத்து P) விதி. உங்கள் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால், நீங்கள் யாரென்று நிரூபித்து வாக்குச்சீட்டு வாங்கிப் போடலாம். அது தனி உறைக்குள் போய்விடும், சாதாரண எண்ணிக்கையில் சேராது. 14 சதவீதம் என்று எந்த விதியிலும் இல்லை. ஒரு நிஜத்தைச் சுற்றி மூன்று பொய். நன்றாகச் செய்த போலி எல்லாமே இந்தப் பக்குவத்தில்தான் இருக்கும். அண்ணாச்சி ஒரு காப்பிகூட எடுக்காமல் போனார். அன்றைய வியாபாரத்தில் அது எனக்கு நஷ்டம்தான்.

நம் மாவட்டத்துக்கென்றே இன்னொன்று: வளைகுடாவில் இருக்கிறவர்கள் ஆன்லைனில் ஓட்டுப் போடலாம் என்ற செய்தி. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற ஊர்களில் இது காட்டுத்தீ. நடைமுறை என்னவென்றால், படிவம் 6ஏ கொடுத்து வெளிநாட்டு வாக்காளராகப் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட பாஸ்போர்ட்டுடன் ஊருக்கு வந்து பூத்தில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, ‘வேட்பாளர் விலகிவிட்டார்’. அயர்லாந்தில் 2025 அக்டோபர் அதிபர் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, வேட்பாளர் கேத்தரின் கானலி போட்டியிலிருந்து விலகுவதாக அறிவிப்பது போன்ற டீப்ஃபேக், அதாவது ஏஐயால் செய்த போலி வீடியோ வந்தது. அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியின் செய்தி அறிக்கை போலவே செய்திருந்தார்கள். அவர் விலகவும் இல்லை, தேர்தலில் ஜெயிக்கவும் செய்தார். இங்கே அப்படி ஒன்று வந்தால் உங்களுக்கு வேலை சுலபம். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் முடிந்துவிட்டால் இந்தியச் சட்டப்படி வேட்பாளர் விலக முடியாது. வேறொருவருக்கு ஆதரவு என்று வாயால் சொல்லலாம். இயந்திரத்தில் பெயரும் சின்னமும் அப்படியே இருக்கும்.

3. வீடியோ என்றால்: அசலைத் தேடுங்கள்

ஏஐ வீடியோக்களில் அதிகம் புழங்கும் வகை எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் பிடிப்பது எளிது. ஒரு தலைவர் எப்போதோ கொடுத்த நிஜமான பேட்டியை எடுப்பார்கள். அவர் குரலைப் பிரதி செய்து புதுப் பேச்சை உருவாக்குவார்கள். அந்தப் பேச்சுக்கு ஏற்றபடி உதட்டை மட்டும் அசைய வைப்பார்கள். சட்டை, நாற்காலி, மைக், பின்னால் இருக்கும் திரை எல்லாம் நிஜம். அதனால் உதட்டை உற்றுப் பார்ப்பதைவிட அந்த அசல் பேட்டியைக் கண்டுபிடிப்பதுதான் வழி.

வீடியோவை நிறுத்துங்கள். முகமும் பின்னணியும் தெளிவாகத் தெரியும் இடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டிய எழுத்து, எமோஜி எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போடுங்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதாது. மூன்று நான்கு இடத்தில் எடுத்துப் போடுங்கள். அதே சட்டை, அதே மைக் உள்ள நீளமான வீடியோ கிடைத்தால் அதில் அவர் என்ன பேசினார் என்று கேளுங்கள். வெட்டி ஒட்டிய வீடியோவும் இந்த வழியில்தான் மாட்டும். ஒரு வாக்கியத்தின் நடுவில் கத்திரி போட்டு அர்த்தத்தைத் திருப்ப ஏஐ எதற்கு?

‘நம்ம ஊரில் நடந்த அநியாயம்’ என்று வந்தால் முகத்தை விட்டுவிட்டுத் தெருவைப் பாருங்கள். நிற்கிற வண்டியின் நம்பர் டி.என். 74 என்றால் நாகர்கோவில் பதிவு, 75 என்றால் மார்த்தாண்டம். கே.எல். நம்பர்களாகவே வரிசையாக நின்றால், கடைப் பலகைகள் முழுக்க மலையாளமாக இருந்தால், அது கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் எடுத்ததாக இருக்கும். சாலை ஓரத்து ரப்பரும் வாழையும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுவரில் ஒட்டிய போஸ்டரில் தேதி இருக்கும். அது ஐந்து வருடத்துக்கு முந்தினதாகக்கூட இருக்கும்.

4. நியூஸ் கார்டு

தமிழில் போலிச் செய்தி என்றாலே முக்கால்வாசி இதுதான். டிவி சேனலின் லோகோ, தலைவர் படம், மேற்கோள் குறிக்குள் இரண்டு வரி. மொபைலிலேயே ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். என் கடையில் பிறந்தநாள் கார்டு செய்யும் அதே ஆப் போதும்.

சோதிப்பதும் சுலபம். கார்டில் உள்ள தேதியைப் பாருங்கள், இல்லையென்றால் அதுவே சந்தேகம். அந்தச் சேனலின் அதிகாரப்பூர்வப் பக்கத்துக்குப் போய் அந்தத் தேதிக்குக் கீழே இறங்கிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அநேகமாக இல்லை. போலிக் கார்டில் எழுத்துரு ஒட்டாமல் நிற்கும். ஒரு வரி மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். ‘ழ’வுக்கு ‘ள’ விழுந்திருக்கும். இது மட்டும் சாட்சி ஆகாது, நிஜச் சேனல்களும் பிழை விடுகின்றன. இன்னொரு கேள்வி: இதை எங்கே, எந்தக் கூட்டத்தில் சொன்னார்? நிஜ மேற்கோளுக்கு ஊர் உண்டு, நாள் உண்டு. ‘பரபரப்புப் பேச்சு’ என்று மட்டும் இருந்தால் அந்த மேற்கோளின் நான்கு சொற்களை எடுத்துக் கூகுளில் போட்டு, கூடவே ‘போலி’ என்று சேர்த்துத் தேடுங்கள். யூடர்ன் போன்ற தமிழ்ச் சரிபார்ப்புத் தளங்கள் பலவற்றை ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பார்கள். மாநில அரசும் 2023-ல் ஒரு உண்மை சரிபார்ப்பகம் தொடங்கியது. அரசைப் பற்றிய குற்றச்சாட்டை அரசே சரிபார்க்கும் இடத்தில் இன்னொரு ஆளையும் கேட்டுக்கொள்வது நல்லது. எந்த ஆட்சி வந்தாலும் இதையேதான் சொல்வேன்.

5. ஆடியோ: இதுதான் கஷ்டம்

படத்தைத் தேடலாம், குரலைத் தேட முடியாது. ஒருவர் குரலைப் பிரதி செய்ய நீண்ட பதிவுகூட வேண்டாம். மேடையில் பேசும் எந்த உள்ளூர்த் தலைவருக்கும் யூடியூபில் மணிக்கணக்கில் பேச்சு கிடக்கிறது. செலவும் பெரிதில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி வேட்பாளர் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஜோ பைடன் குரலில் போன் வந்தது: இப்போது ஓட்டுப் போடாதீர்கள், நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குரலைச் செய்துகொடுத்தவர் ஒரு மாயவித்தைக்காரர், கூலி 150 டாலர். ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகர் ஸ்டீவ் கிரேமருக்கு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் விதித்த அபராதம் 60 லட்சம் டாலர்.

ஆடியோ வந்தால் நான் பார்ப்பது மூன்று. ஒன்று, யார் முதலில் வெளியிட்டது? பெயர் போட்டு, பொறுப்பேற்று ஒரு ஆளோ பத்திரிகையோ நிற்கிறதா? இரண்டு, பேச்சு வழக்கு. கட்சிக்காரர் ரகசியமாக நண்பரிடம் பேசுகிறார் என்கிறார்கள். ஆனால் பேச்சில் ஒரு ‘ஆக்கும்’ இல்லை, ஒரு ‘சொன்னாவ’ இல்லை, செய்தி வாசிப்பவர் மாதிரி முழு வாக்கியமாக ஓடுகிறது என்றால் எனக்குக் காது கூசும். நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்காரர் என்றால் மலையாள வாடை இருக்க வேண்டும். இதை ஆதாரம் என்று சொல்லமாட்டேன், நம்மூர்க்காரர்களிலும் சென்னைத் தமிழ் பேசுகிறவர் உண்டு. மூன்று, பேசியதாகச் சொல்லப்படும் ஆளிடமே கேட்பது. வார்டு அளவில் இது சாத்தியம்தான். கட்சிக்காரர் எண் கிடைக்காத தெரு நம் மாவட்டத்தில் ஏது?

6. கூட்டமும் போலியாக இருக்கலாம்

‘பத்து லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள், பொய்யாக இருக்குமா?’ என்பார்கள். ருமேனியாவில் 2024 நவம்பர் 24 அதிபர் தேர்தல் முதல் சுற்றில், கருத்துக் கணிப்புகளில் பின்னால் கிடந்த கெலின் ஜார்ஜெஸ்கு முதலிடம் வந்தார். டிக்டாக்கில் அவர் பெயர் ஒருங்கிணைந்து தூக்கிவிடப்பட்டதாக உளவுத்துறை ஆவணங்கள் சொல்ல, டிசம்பர் 6 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. செய்தது சரியா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, லைக்கும் வியூவும் சாட்சி இல்லை என்பது.

7. ஏஐ என்றாலே போலியா? ‘ஏஐ’ என்று சொன்னால் பொய்யாகிவிடுமா?

இரண்டும் இல்லை. 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில், 2018-ல் மறைந்த கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அவர் குரலில் அதிமுக ஒரு பேச்சு வெளியிட்டது. பாகிஸ்தானில் சிறையிலிருந்த இம்ரான் கானின் பேச்சு ஏஐ குரலில் ஒலித்தது. இவை யாரையும் ஏமாற்றச் செய்தவை அல்ல, ஏஐ என்று தெரிந்தே வந்தவை. ஆனால் அவற்றை வெட்டி, அந்த விவரத்தை எடுத்துவிட்டு மறுபடி சுற்றவிட்டால் கதை வேறு. கட்சிகள் ஏஐ காட்சியில் பத்து சதவீத இடத்துக்கு அடையாள முத்திரை போட வேண்டும், ஆடியோ என்றால் முதல் பத்து சதவீத நேரத்தில் சொல்ல வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. எனவே வீடியோவின் ஓரம் வெட்டப்பட்டிருந்தால், ஆடியோ நடுவிலிருந்து தொடங்கினால், கொஞ்சம் நில்லுங்கள்.

மறுபக்கம் இன்னும் சிக்கல். மாட்டிக்கொண்ட எவரும் ‘அது ஏஐ’ என்று சொல்லிவிட்டு நடக்கலாம் என்ற வசதி இப்போது வந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் குரல் என்று இரண்டு ஆடியோக்கள் வெளிவந்தன. ஜோடிக்கப்பட்டவை என்று அவர் மறுத்தார். வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்தபோதும் இரண்டுக்கும் ஒரே மாதிரியான பதில் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் நமக்கு நேர்மையான பதில் ‘தெரியவில்லை’ என்பதுதான். தெரியாததை ஃபார்வர்டு செய்யாமல் இருக்க யாரும் தடுக்கவில்லை.

8. யாரிடம் சொல்வது

நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வந்த நாள், நேரம், குழுவின் பெயர் தெரிய வேண்டும். தேர்தல் உதவி எண் 1950. மாவட்டத் தேர்தல் அலுவலர் ஆட்சியர்தான். விளம்பரங்களையும் ஊடகங்களையும் கவனிக்க அவருக்குக் கீழே ஒரு கண்காணிப்புக் குழு இருக்கும், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். சி-விஜில் ஆப் வேறு வேலைக்கு: பணம் கொடுப்பதை நேரில் பார்த்தால் அந்த ஆப்பிலேயே படம் எடுத்து அனுப்புவது, 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை. கேலரியில் கிடக்கும் ஃபார்வர்டை அதில் ஏற்ற முடியாது. தேர்தல் காலத்தில் டீப்ஃபேக் தங்கள் கவனத்துக்கு வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஆணையம் கட்சிகளுக்கு உத்தரவிட்டது. அதனால் சம்பந்தப்பட்ட கட்சி அலுவலகத்துக்கே எழுதுவதும் பலன் தரும்.

9. குடும்பக் குழுவில் சொல்லும் விதம்

குழுவில் எல்லோர் முன்னாலும் ‘இது பொய்’ என்று போட்டால் சித்தப்பா அடுத்த கல்யாணம் வரை பேசமாட்டார். தனியாகப் போடுங்கள்: “சித்தப்பா, நீங்க அனுப்புனது பழசாம், இதப் பாருங்க.” கூடவே அசல் இணைப்பு. நீக்குகிற மரியாதையை அவருக்கே விட்டுவிடுங்கள்; பெரும்பாலும் சத்தமில்லாமல் நீக்கிவிடுவார்.

கடைசியாக, தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு. வாரக்கணக்கில் கடலில் இருந்துவிட்டுக் கரை நெருங்கும்போது சிக்னல் பிடிக்கும்; முந்நூறு நானூறு செய்தி ஒரே மூச்சில் இறங்கும். போலி செவ்வாய்க்கிழமை வந்திருக்கும், அது போலி என்ற மறுப்பு வியாழக்கிழமை வந்திருக்கும். மேலிருந்து படிக்கிறவர் செவ்வாயிலேயே கொதித்துப்போய் நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறார். அன்றைக்கு மட்டும் குழுவைக் கீழிருந்து மேலே படியுங்கள்.